பிளக் பிடுங்கித்தான் இருந்தது

பிளக் பிடுங்கித்தான் இருந்தது. நாச்சிமுத்து செத்த அன்றைக்கு அவன் மனைவி பூங்கொடி எல்லாரிடமும் இதையேதான் சொன்னாள், இழவுக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும், பிளக்கு புடுங்கித்தானுங்க கெடந்துச்சு, அப்புறம் கரண்ட் எப்புடிங்க அடிக்கும் என்று, வந்தவர்களும் ஆமாம் ஆமாம், கரண்ட் இல்லை, நெஞ்சுதான், நாச்சிமுத்துவுக்கு விதி அவ்வளவுதான் என்று தலையை ஆட்டினார்கள், டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார், முடிந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் அவன் திறந்து வைத்திருந்த பாட்டுப் பெட்டி, வால்வு ஆம்ப்ளிஃபயர், உடனே செத்துவிடாது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கு மட்டும் தெரியும், அந்த ஒருத்தர் கூட்டத்துக்குள்ளேயே வராமல் தெருமுனையில் சைக்கிள் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே இரண்டு பெரிய கண்டென்சர்கள், டம்ளர் உயரத்துக்கு, நானூறு வோல்ட்டைக் குடித்துவிட்டுக் கம்மென்று உட்கார்ந்திருக்கும், கரண்ட் போன பிறகும் உட்கார்ந்திருக்கும், தொட்டவனைத் தூக்கி அடிக்கும். அதை வடிப்பதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் உண்டு, நாச்சிமுத்து அதற்கு வடிகால் என்று பெயர் வைத்திருந்தான், சுண்டுவிரல் நீளம், இரண்டு கால், ஒரு கால் கண்டென்சரில், ஒரு கால் பெட்டியின் உள்தகட்டில். அது இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய ஒரு நிமிஷத்தில் எல்லாம் வடிந்துவிடும், குழந்தைகூடக் கை வைக்கலாம். அது இருந்தால். அதை வைத்தது தெருமுனையில் நின்ற சென்னியப்பன்தான், நாச்சிமுத்துவின் கூட்டாளி. இரண்டு காலையும் கொக்கியாக வளைத்து மாட்டினார், அது நன்றாக நினைவிருக்கிறது. மாட்டின காலை ஒட்டவைக்க ஈயம் வைத்தாரா? இரண்டு வருஷமாக அவருக்கு நினைவு வராதது அது ஒன்றுதான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை, அதே ஆவாரம்பாளையத்து வீடு, அதே முன்னறை, அதே பெட்டி சென்னியப்பன் முன்னால் இருக்கிறது. முன்னறையில் பாதி ஏற்கனவே அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. மூன்று தடவை பூங்கொடி போனில் கூப்பிட்டாள், மூன்று தடவையும் அவர் வராமல் தட்டிக் கழித்தார், ஒரு தடவை மில் ஷிஃப்ட், ஒரு தடவை முழங்கால், ஒரு தடவை மச்சான் வீட்டு விசேஷம், அந்த மச்சானுக்கு வீடே இல்லை, வாடகைக்கு அலைந்துகொண்டிருந்தான். நேற்று நாலாவது தடவை. "அண்ணா, வர்ற வியாழக்கிழமை ஊட்டக் காலி பண்றேனுங்க. சுகந்திகூட ஓசூருக்கே போயர்றேன். அவளுக்கு அப்பாவோட பாட்டுப் பெட்டி வேணுமாமா, ஒரு பக்கம் பேச மாட்டீங்குது. உங்களுக்கு முடியலைன்னாப் பரவால்லீங், மாப்பள்ள திங்கக்கிழமை வர்றாரு, அவரே கழட்டிப் பாத்துக்கறேங்கறாரு." மாப்பிள்ளை கெட்டிக்காரப் பையன், கம்ப்யூட்டர் வேலை, எதையும் கழற்றிப் பார்க்கிற ஆள், பிளக்கைப் பிடுங்குவான், பிடுங்கியாயிற்றே என்று தைரியமாகக் கையை விடுவான். "வேண்டாம், வேண்டாம், அவருகிட்டத் தொட வேண்டாம்னு சொல்லும்மா. நாங் காத்தால வர்றேன்," என்றவர் காலையில் வரவில்லை, காலை பூராவும் பையில் ஸ்குரு டிரைவரை எடுத்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்துவிட்டுச் சோறு இறங்காமல் இரண்டு மணிக்குக் கிளம்பினார். வாசலில் பூங்கொடி அவரைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "வாங்ணா. எளைச்சுட்டீங்க," என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இளைக்கவும் இளைக்கும்போல.

கழற்றினால் ஐந்து நிமிஷ வேலை. பெட்டியைக் குப்புறப் போட்டு அடித்தகட்டு ஸ்குருக்களை எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் சென்னியப்பன் கழற்றவில்லை, வெளியிலிருந்தே என்னென்ன பார்க்க முடியுமோ அத்தனையும் பார்த்தார், மருமகளிடம் குற்றம் கண்டுபிடிக்க வந்த மாமியார் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டார், நாலு வால்வும் மெல்லச் சிவந்தன, இரண்டு வருஷத்துத் தூசி கண்ணாடியில் சுட்டு ஒரு கருகல் வாசனை வந்தது, அந்த வாசனை மட்டும் அப்படியே நாச்சிமுத்துதான், அவன் தோளுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சி, ஆச்சுடா, அடுப்புப் பத்திக்கிச்சு என்று சொல்வான். வலது ஸ்பீக்கர் பேசியது, இடது பேசவில்லை. அணைத்து, ஆறவிட்டு, இடது வால்வை வலதிலும் வலது வால்வை இடதிலும் மாற்றிப் போட்டார், குறை வால்வில் இருந்தால் குறையும் கூடவே வலது பக்கம் போக வேண்டும், போகவில்லை, இடதிலேயே நின்றது, ஆக வால்வு நல்ல வால்வு. ஸ்பீக்கர் ஒயரை மாற்றினார், அதுவும் நல்ல ஒயர். குமிழைத் திருகினார், தட்டினார், துடைத்தார். எல்லாம் நன்றாயிருப்பது அவருக்கு வருத்தமாக இருந்தது, வெளியிலேயே ஒரு குறை அகப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, உள்ளே யாரும் கை வைக்காதீர்கள் என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். குறை உள்ளேதான் இருக்கிறது. அன்றைக்கு நாச்சிமுத்துவும் இதே குறையைத்தான் தேடியிருப்பான், இதே மாதிரி வால்வை மாற்றிப் பார்த்திருப்பான், அப்புறம் நாலு வால்வையும் கழற்றிப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு வெறும் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து அளந்திருப்பான், வால்வு இல்லாத பெட்டியில் கண்டென்சர் குடித்ததைக் குடிக்க வேறு ஆளில்லை, வடிகாலை விட்டால். அதை நம்பித்தான் பிளக்கைப் பிடுங்கியிருப்பான். ஒரு நிமிஷம் எண்ணியிருப்பான். அறுபது வரைக்கும் எண்ணு, அப்புறம் தொடு, ஒண்ணும் ஆகாது, அதுக்கு நாங் கேரண்டி என்று சொல்லிக் கொடுத்தது யார்?

அவருடைய வேலைமுறை அப்படி, அதுதான் வினை. மற்றவர்கள் ஒரு காலை மாட்டியதும் ஈயம் வைத்துவிடுவார்கள், அவர் எல்லாக் காலையும் முதலில் மாட்டிக்கொண்டே போவார், மாட்ட மாட்டச் சர்க்யூட் படத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவார், கடைசியில் சூட்டுக்கோலை எடுத்து வரிசையாக ஈயம் வைத்து முடிப்பார். கையும் சுத்தம், கணக்கும் சுத்தம், மில்லில் முப்பத்தொரு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இப்படியே ஓட்டி ஒரு ஃபியூஸ் போனதில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய தை மாதம், இதே முன்னறை, ஈயம் வைத்துக்கொண்டு வந்தவர் கண்டென்சரை நெருங்கும்போது பூங்கொடி இலை போட்டாச்சு என்று கூப்பிட்டாள், கறிக்குழம்பு, நாச்சிமுத்து சூட்டுக்கோலைக் கையிலிருந்து பிடுங்கி வைத்தான், ஆறுன கறியத் திங்கிறவன் மனுசனாடா என்றான். தின்றுவிட்டு வந்து எங்கிருந்து தொடர்ந்தார்? கண்டென்சரிலிருந்தா, அதைத் தாண்டியா? படத்தைப் பார்த்துத்தான் தொடர்ந்திருப்பார், படத்தில் டிக் இருக்கும், டிக் மாட்டியதற்குப் போட்டதா ஈயம் வைத்ததற்குப் போட்டதா என்று படத்துக்கு என்ன தெரியும். அந்தப் படம் இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோய். வடிகாலுக்கு நேராகச் சிவப்பு டிக், இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற டிக். அது ஒன்றும் சொல்வதில்லை.

நாச்சிமுத்து ஈயம் வைப்பதில் சூரன் இல்லை. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் அச்சு செய்கிறவன், பேட்டர்ன் வேலை, உளியை எடுத்தால் மயிரிழை தப்பாது, இந்தப் பெட்டியின் தேக்கு உடம்பு அவன் செய்தது, மூலைச்சந்தில் நகம்கூட நுழையாது. சூட்டுக்கோலைக் கொடுத்தால் மட்டும் வடகம் கிள்ளி வைப்பான், ஒவ்வொன்றும் சுண்டைக்காய் தண்டி. ஏண்டா இப்படி என்றால் ஈயம் செரியில்லடா என்பான், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். சென்னியப்பனுடைய ஈயம் அரிசிமணி மாதிரி இருக்கும், பளபளவென்று, காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு. ஒருத்தர் வைத்த ஈயத்தைப் பார்த்தால் போதும், கையெழுத்தைப் பார்த்த மாதிரி ஆளைச் சொல்லிவிடலாம். அதனால் அவன் சூட்டுக்கோலோடு ஒயர் பக்கம் வரக் கூடாதென்று இவர் சட்டம் போட்டிருந்தார். இன்னொரு சட்டம் இடது கை சட்டம், பெட்டிக்குள் வலது கை மட்டும்தான் போகலாம், இடது கை பாக்கெட்டில் இருக்க வேண்டும், இரண்டு கையும் போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக இன்னொரு கையில் இறங்கும். நாச்சிமுத்து வீட்டில் லுங்கிதான் கட்டுவான், பாக்கெட் இல்லை, இடது கையை இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வான், பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்கறேன் பாருடா என்று சிரிப்பான். நல்லவன். பாவி, அவ்வளவு நல்லவன். அந்தத் தைக்கு அடுத்த ஆடி மாதம் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான், என்னடா என்றால் உளி பட்டுருச்சு என்றான், அதோடு விடவில்லை, அடுத்த வாரம் எனக்குக் கண்ணு மங்குதுடா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனான், போன இடத்தில் வந்ததுதான் வந்தே, நீயும் ஒருக்காப் பாத்துரு என்று இவரையும் உட்கார வைத்தான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இவர் கண்ணில் இருந்தது, இப்போது போட்டிருக்கிற கண்ணாடி அன்றைக்கு வாங்கியது, ஃபிரேமை அவன்தான் தேர்ந்தெடுத்தான், மில்லு முதலாளி மாதிரி இருக்கறடா என்றான். அந்த மார்கழியில் செத்துப் போனான்.

மத்தியானம் செத்தான், சட்டையில்லாமல், பெட்டி முன்னால், வலது கையில் ஸ்குரு டிரைவர். இடது கை இடுப்பு மடிப்பில் செருகினபடியே இருந்ததாம், குளிப்பாட்டும்போது அதை எடுப்பதற்குள் பெரும்பாடு பட்டார்களாம், ஏன் அப்படி இருந்ததென்று ஒருத்தருக்கும் புரியவில்லையாம். தெருமுனையில் நின்றவருக்கு யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள், சொன்னவன் பீடி பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். சட்டத்தை மீறவில்லை அவன். அப்படியானால் நெஞ்சுக்கு எப்படிப் போயிருக்கும்? போகாது. போகும், அவன் குனியும்போது வெறும் மார்பு தகட்டில் படும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சாயாதடா சாயாதடா என்று, மார்பு தகட்டில், விரல் ஸ்குரு டிரைவர் கம்பியில், கம்பி கண்டென்சரில், நடுவில் நெஞ்சு. அல்லது தானாகவே நின்றிருக்கும், அவன் அப்பாவுக்கும் ஐம்பத்தாறில் நின்றது. அல்லது. இந்த அல்லதுவில் இரண்டு வருஷம் போயிற்று. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகவில்லை, வருஷத் திதிக்குப் போகவில்லை, சுகந்தி கல்யாணத்துக்கு மண்டபம் வரை போய் மொய்க் கவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றுகொண்டார். பூங்கொடியின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவார், சொன்னால் அவள் என்ன ஆவாள், தன் கையால் சோறு போட்ட ஆளே தன் புருஷனைக் கொன்றான் என்று, சொல்லாவிட்டால் இவர் என்ன ஆவார். இது ஒன்றும் பெரிய நியாயம் இல்லை. பயம்தான். அப்பட்டமான பயம்.

"டீ வெக்கட்டுங்ளாண்ணா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. வை என்றார். பிளக்கைப் பிடுங்கினார், பிடுங்கியதை ஒருதரம் பார்த்தார், அறுபது எண்ணினார், இன்னொரு அறுபது எண்ணினார், பெட்டியை மெல்லக் குப்புறச் சாய்த்தார். எட்டு ஸ்குரு இருக்க வேண்டிய அடித்தகட்டில் ஐந்துதான் இருந்தன, அதிலும் இரண்டு குறுக்கே ஏறியிருந்தன, அன்றைக்கு யாரோ அவசரத்தில் வால்வுகளைச் செருகி மூடியிருக்கிறார்கள். ஐந்தையும் எடுத்துத் தகட்டில் விரலை வைத்தவர் தூக்காமல் இருந்தார். ஈயம் இல்லாவிட்டால் என்ன செய்வது? வைத்துவிடலாம், சூட்டுக்கோல் பையில்தான் இருக்கிறது, ஒரு நிமிஷம், அவள் டீயோடு வருவதற்குள் முடிந்துவிடும், அப்புறம் அது எப்போதும் இருந்ததாகிவிடும், மாப்பிள்ளைக்கு என்ன தெரியப் போகிறது, பூங்கொடிக்கு என்ன தெரியப் போகிறது. தான் வந்ததே இதற்குத்தானோ என்று தோன்றியது, மாப்பிள்ளையைக் காப்பாற்ற இல்லை, தடயத்தை மறைக்க. தன்மேல் இவ்வளவு அருவருப்பு அவருக்கு எப்போதும் வந்ததில்லை. மூக்கில் வேர்த்துக் கண்ணாடி வழுக்கியது. தகட்டைத் தூக்கினார்.

இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் எல்லாம் ஒரே ஒயராகத் தெரிந்தது, மஞ்சள், சிவப்பு, அவருடைய நேர்கோடுகள், அவருடைய அரிசிமணிகள், சில மணிகள் மங்கிப் போயிருந்தன. கண்டென்சர். அதன் தலையிலிருந்து வடிகால். தகட்டுப் பக்கத்துக் கால், ஈயம், அரிசிமணி, நம்முடையது. கண்டென்சர் பக்கத்துக் கால். அங்கே ஈயம் இருந்தது. பெருமூச்சு விடப் போனவர் பாதியில் நிறுத்தினார். சுண்டைக்காய் தண்டி ஈயம். ஒரு பக்கம் வழிந்து, ஒரு பக்கம் கூம்பி, வடகம் மாதிரி. அது இவர் கை இல்லை. உலகத்தில் அப்படி ஈயம் வைக்கக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான், அவனைச் சூட்டுக்கோலோடு ஒயர் பக்கமே வரவிடாமல் சட்டம் போட்டிருந்தார். அப்படியானால் இவர் வைக்கவில்லை. வைக்காமல் இருந்த இடத்தை அவன் கண்டுபிடித்திருக்கிறான், எப்படிக் கண்டுபிடித்தான், அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. வலது ஆள்காட்டி விரல். உளி பட்டுருச்சு என்றான், இவரும் சரியென்று கேட்டுக்கொண்டார். உளி பிடிப்பதே வலது கையில், பிடிக்கிற கையில் உளி எப்படிப் படும், அதுவும் முப்பத்தைந்து வருஷம் உளி பிடித்தவனுக்கு. அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரி, ஈயத்தைப் பார்க்காமல் விட்ட கண்ணுக்கு. ஃபிரேம். மில்லு முதலாளி. சென்னியப்பனுக்குக் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாமல் போனது. மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார், கைப்பழக்கம், சைபர் என்று காட்டியது. நன்றாக வடிகிறது. ஆடியிலிருந்து வடிந்துகொண்டுதான் இருக்கிறது, அந்த மார்கழியிலும் வடிந்திருக்கும், நெஞ்சு தானாகத்தான் நின்றது, கொல்லவில்லை, அவர் கொல்லவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவருக்கு அது வந்தபோது அதை வைக்க இடமில்லாமல் இருந்தது.

பூங்கொடி டீயைக் கொண்டுவந்து அட்டைப்பெட்டி மேல் வைத்துவிட்டு அவர் தோளுக்கு மேலாகப் பெட்டிக்குள் பார்த்தாள். "அந்தப் பெரிய கட்டி அவரு வெச்சதுங்ணா," என்றாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நாந்தானுங்க டார்ச்சு புடிச்சேன். அந்த ஆடில ஒரு நாளு தூக்கி அடிச்சுருச்சு. வெரலு வெந்துபோச்சு, கையி வெடவெடன்னு ஆடுது, ஒரு சொம்புத் தண்ணி புடிக்க முடியல. நாங் கத்துனேன், இப்பவே சென்னியண்ணனக் கூப்புட்டு நாலு வார்த்த கேக்கறேன்னு. அவரு உடல. இதச் சொன்னீன்னா அவன் அத்தோட ஒடிஞ்சு போயிருவான், அப்புறம் இந்த ஊட்டுப் பக்கமே வர மாட்டான், அவனில்லாம எனக்கு இந்தப் பெட்டி எதுக்குன்னாரு. எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு." அவள் சேலைத் தலைப்பால் பெட்டியின் தேக்குமரத்தில் இருந்த தூசியை ஒருதரம் துடைத்தாள். "நாஞ் சொல்லவே இல்லீங்ணா. அப்பறமும் நீங்க வரல."

கோபமாகச் சொல்லவில்லை. சென்னியப்பன் இரண்டு வருஷமாகத் தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும், படம், டிக், கறிக்குழம்பு, தெருமுனை, எல்லாவற்றையும் சொன்னாலும் அவள் இரண்டு வருஷம் தனியாக உட்கார்ந்திருந்தது உட்கார்ந்திருந்ததுதான். டீ ஆறிக்கொண்டிருந்தது. வலது பக்கத்து ஒயர்களிலிருந்து இடது பக்கத்துக்குப் பார்வையை நகர்த்தினார், அங்கே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற மஞ்சள் ஒயர் ஒன்று கொக்கியாக மாட்டியபடி இருந்தது, ஈயமில்லாமல், மாட்டியதோடு விட்டது, இதுவும் அவருடையதுதான், பத்துப் பதினோரு மாசம் சும்மா தொட்டுக்கொண்டே பேசிவிட்டு ஒரு நாள் விட்டுவிட்டிருக்கிறது, இதைத் தேடித்தான் நாச்சிமுத்து அன்றைக்குப் பெட்டியைத் திறந்திருக்கிறான். இதையும் கண்டுபிடித்திருந்தால் இதற்கும் ஒரு சுண்டைக்காய் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருப்பான்.

"ஒரு ஒயர் உட்டிருக்குதும்மா," என்றார். "நாந்தான் அன்னைக்கு ஈயம் வெக்காம உட்டுட்டேன். பத்த வெச்சுர்றேன்."

"வெச்சுருங்ணா. வியாழக்கெழமை காத்தால லாரி வந்துரும்."

அவள் அடுத்த அட்டைப்பெட்டியை இழுத்துப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள். சென்னியப்பன் பையிலிருந்து சூட்டுக்கோலை எடுத்துச் சுவர் பாயிண்டில் மாட்டினார், அது சூடேறும்வரை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டியின் பிளக் பிடுங்கித்தான் இருந்தது, மீட்டரில் சைபர்தான் இருந்தது, அதற்குள் பயப்பட இனி ஒன்றுமே இல்லை. ஆனாலும் இடது கையை அவர் பாக்கெட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை.